நானூற்று முப்பத்திரண்டு பேரும் அறுபது மெஷினும்

“அறுபது மெஷின் இருக்கு. நானூத்தி முப்பத்திரண்டு பேர் வர்றாங்க. யாரை முதல்ல உட்கார வைப்பே?”

சித்தி இதைக் கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்து, “முதல்ல வர்றவங்களை” என்றேன். டாக்டரிடம் போனாலும் பஸ் ஏறினாலும் அதுதானே நடக்கிறது.

“சரி. முதல்ல வர முடியாதவங்களை?”

 சித்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அப்போது நான் பள்ளியில் கடைசி வருடம். இப்போது பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று வாரத்துக்கு ஒரு முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில் இந்த ஒன்றையாவது உருப்படியாக எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். புரியாத இடம் இருந்தால் அது என் எழுத்தின் குறை. சித்தியின் குறை இல்லை.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. எங்கள் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் கணினித் துறை லேப்புக்குப் பொறுப்பாளர். பாடம் நடத்துவது பேராசிரியர்களின் வேலை. மெஷின்கள் ஓடுகின்றனவா, யார் எந்த நேரத்தில் உட்காருவது, அறுந்த ஒயரை யார் மாற்றுவது, பாஸ்வேர்டை மறந்துவிட்டு விழிக்கிறவர்களை என்ன செய்வது, இவையெல்லாம் சித்தியின் வேலை. மாணவர்கள் எல்லோருக்கும் அவள் ‘லேப் அக்கா’. பத்தொன்பது வருடமாக அக்காதான். முதல் வருடம் படித்தவர்களின் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது, அவர்களும் வந்தால் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதே துறையில்தான் சித்தியும் படித்தாள். அவள் வகுப்பில் நாற்பத்தெட்டு பேர். படித்து முடித்ததும், ஆறு மாதத்துக்கு என்று தற்காலிகமாக லேப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்களாம். “அந்த ஆறு மாசம் இன்னும் முடியலை” என்பாள். நடுவில் அலுவலகத்துக்கு மாற்றல் கொடுத்தார்கள். மின்விசிறி, மேஜை, வேளாவேளைக்கு டீ. வேண்டாம் என்றுவிட்டாள். அப்பா அதை வைத்து இன்றும் கிண்டல் செய்வார்.

“உட்கார்ந்து பார்க்கிற வேலை குடுத்தா, ஒயரைத் தூக்கிக்கிட்டு மேஜைக்கு அடியில தவழ்ற வேலைதான் வேணும்னு அடம்பிடிச்ச ஆளு உலகத்துலயே உன் சித்தி ஒருத்திதான்.”

“மேஜைக்கு அடியில யாரும் வந்து கையெழுத்து கேக்க மாட்டாங்க மாமா. நிம்மதி.”

லேப் இரண்டாவது மாடியில் இருக்கிறது. நான் பலமுறை போயிருக்கிறேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால், குளிர்சாதனம் ஒரு மூலையில் மட்டும் உறைய வைக்கும், மறு மூலையில் புழுங்கும். மொத்தம் அறுபத்திரண்டு மெஷின். அதில் இரண்டு செத்துப்போனவை. மற்றவைக்கு உதிரி பாகம் கொடுப்பதற்காக வைத்திருக்கிறாள். ஒவ்வொரு மெஷினின் குணமும் அவளுக்குத் தெரியும். பதினேழாம் எண்ணுக்குக் காலையில் ஒரு தட்டு தட்டினால்தான் உயிர் வரும். முப்பத்தொன்பது ஒரு சண்டிக்குதிரை. கண்ணை மூடிக்கொண்டு, விசிறிச் சத்தத்தை வைத்தே எந்த வரிசையில் எந்த மெஷின் மூச்சு வாங்குகிறது என்று சொல்லிவிடுவாள். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

நாற்பத்தெட்டு பேர் எப்படி நானூற்று முப்பத்திரண்டு ஆனார்கள்? ஒரே வருடத்தில் ஆகவில்லை. எண்பது ஆனது, நூற்றைம்பது ஆனது, இருநூறு ஆனது. பிள்ளை வேறு எதைப் படித்தாலும் சோறு கிடைக்காது, இதைப் படித்தால் கிடைக்கும் என்று ஊரே நம்பத் தொடங்கியபோது, பல்கலைக்கழகமும் கதவை அகலமாகத் திறந்துவிட்டது. கதவுதான் அகலமானது. லேப் அதே அளவில் இருந்தது.

போன வருடம் சேர்க்கை முடிந்த அடுத்த வாரத்தில் துறைத்தலைவர் ஒரு கூட்டம் போட்டார். நல்ல மனிதர்தான். ஆனால் அன்று தூங்காத முகத்தோடு இருந்தார் என்று சித்தி சொன்னாள். முதல் வருட மாணவர்களுக்கு இனி லேப்பில் செய்முறை வகுப்பு கிடையாது என்றார். பெரிய அரங்கத்தில் திரையில் காட்டுவார்களாம், மாணவர்கள் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார்களாம். சொந்த லேப்டாப் இருப்பவர்கள் வீட்டில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் தாளில்தான்.

“லேப்டாப் இல்லாதவங்க சார்?” என்று கேட்டாளாம் சித்தி.

“எத்தனை பேர் இருக்கப்போறாங்க மேடம்? போன வாரம் வகுப்புலயே கேட்டாச்சு. கையைத் தூக்குங்கன்னா மூணு பேர்தான் தூக்கினாங்க.”

“நானூறு பேர் பாக்கும்போது, ‘எங்கிட்ட இல்லை’ன்னு யாரு சார் கையைத் தூக்குவாங்க?”

சித்தி யாரையும் கேட்கவில்லை. அறிமுக வகுப்புக்காக ஒவ்வொரு குழுவாக லேப்புக்கு வந்தபோது, பின்னால் நின்று கைகளைப் பார்த்தாள். மவுஸ் மேஜை ஓரத்துக்குப் போனதும் என்ன செய்வது என்று தெரியாமல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். ஒரு எழுத்தைத் தேடிக் கீபோர்டு முழுக்க விரலால் ஒரு சுற்று சுற்றி வந்தவர்கள். மெஷினை அணைப்பதற்கு சுவிட்சையே அணைத்தவர்கள். எண்ணிப் பார்த்தாள். நூற்று எண்பதுக்கு மேல் வந்தது.

அன்றைக்குத்தான் அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது.

அடுத்த நாள் அவளே ஒரு கணக்கு போட்டுக்கொண்டு துறைத்தலைவரிடம் போனாள். லேப் ஒரு நாளைக்கு நான்கு வேளை, வாரத்துக்கு இருபது வேளை திறந்திருக்கிறது. அதில் பத்து வேளை சீனியர்களுக்கு. மீதி பத்து. முதல் வருடத்தை நூற்றெட்டுப் பேராக நான்கு குழுவாகப் பிரித்து, ஒரு மெஷினுக்கு இருவரை உட்கார வைத்தால், ஒரு குழுவுக்கு ஐம்பத்து நான்கு மெஷின் போதும். வாரத்துக்கு இரண்டு வேளை என்றால் எட்டு வேளை. இரண்டு வேளை மிச்சம். அந்த இரண்டும், வீட்டில் மெஷின் இல்லாதவர்கள் வந்து தனியாக உட்கார.

“ரெண்டு பேரை ஒரு மெஷின்ல உட்கார வெச்சா ஒருத்தன் வேலை செய்வான், இன்னொருத்தன் வேடிக்கை பார்ப்பான்” என்றார் அவர்.

“வேடிக்கை பார்க்க விடமாட்டேன் சார். ஒரு செமஸ்டர் குடுங்க. சரியா வரலைன்னா அடுத்த வருஷம் நீங்க சொல்றபடி தாள்லயே வெச்சுக்கலாம். நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

அவர் ஒத்துக்கொண்டார்.

ஜோடிப் பட்டியலைச் சித்தியே எழுதினாள். பழக்கப்பட்ட கை ஒன்று, பழக்கமில்லாத கை ஒன்று. பட்டியலைக் கதவில் ஒட்டியதும் ஒரே அமளி.

“அக்கா, எனக்குக் கிடைச்ச ஜோடி பேசவே மாட்டேங்குது. மாத்திக் குடுப்பீங்களா?”

“இது துணிக்கடையா, பிடிக்கலைன்னா மாத்திக்கறதுக்கு? போய் உட்காரு.”

லேப் சுவரில் ஒரு காகிதம் தொங்கியது. சித்தியின் கையெழுத்தில்: ‘பாதி நேரம் விரல், பாதி நேரம் வாய்.’ ஒருவர் தட்டும்போது மற்றவர் கையைக் கட்டிக்கொண்டு, என்ன எழுத வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் ஆனதும் சித்தி தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து இரும்பு அலமாரியில் டங் டங் என்று தட்டுவாள். உடனே இடம் மாற வேண்டும். நூற்றெட்டு நாற்காலி ஒரே நேரத்தில் தரையில் இழுபடும் சத்தத்தில், கீழ்மாடி நூலகத்திலிருந்து இருமுறை புகார் வந்தது.

நான் ஒரு நாள் சாப்பாட்டு டப்பா கொடுக்கப் போனபோது அந்த அறையைப் பார்த்தேன். இவ்வளவு சத்தமாகப் படிப்பு நடக்கும் என்று எனக்குத் தெரியாது. “அடைப்புக்குறியை மூடுடா!” “மூடிட்டேன்டா, கண்ணைத் திறந்து பாரு!” “நான் ஒண்ணு சொன்னா நீ ஒண்ணு தட்டுறே!” சித்தி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வரிசைக்கு வரிசை நடந்துகொண்டிருந்தாள். யாராவது கட்டிய கையை அவிழ்த்துக் கீபோர்டுக்கு நீட்டினால், பின்னாலிருந்து முதுகில் ஒரு தட்டு விழும். எனக்கு அந்த நிமிடம் என் சித்தியைப் பார்த்து ரொம்பப் பெருமையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை. சொன்னால் அப்பாவோடு சேர்ந்து கிண்டல் செய்ய முடியாது.

பதினான்கு வாரம் இப்படிப் போனது. பதினைந்தாவது வாரத்தில் இடி விழுந்தது.

தேர்வுப் பிரிவில் ஒரு கண்காணிப்பாளர் இருக்கிறார். எந்தத் தாளைப் பார்த்தாலும் முத்திரை குத்திவிடுவதால் அவருக்கு ‘ஸ்டாம்ப்’ என்று பெயர். அவர் ஒரு கத்தைக் காகிதத்தோடு லேப்புக்கு ஏறி வந்தார்.

“என்ன மேடம், உங்க லேப்புக்கு யாருமே வர்றதில்லையா?”

“ஏன் சார்? மூச்சு விட இடமில்லாம இருக்கு.”

“அப்போ இது என்ன?”

பட்டியல். செய்முறை வகுப்புக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து நாளாவது வராத மாணவர்கள் தேர்வு எழுத முடியாது என்பது விதி. அந்தப் பட்டியலில் நூற்று எண்பத்தேழு பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அந்தத் தாளை அடுத்த வருடம்தான் எழுத முடியும். அது இல்லாமல் இரண்டாம் வருடத்தில் பாதிப் பாடங்களைத் தொட முடியாது.

சித்தி முதல் பக்கத்தைப் படித்தாள். எல்லாம் தினமும் பார்க்கிற பெயர்கள். இரண்டாவது பக்கம் புரட்டும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

புரியும்படி சொல்கிறேன். அந்த லேப்பில் பெயர் கூப்பிட்டு வருகை எடுப்பதில்லை. மாணவர் தன் எண்ணைப் போட்டு மெஷினில் லாகின் செய்தால், அதுவே வருகையாகப் பதிவாகிவிடும். வாரக் கடைசியில் வகுப்பு வேளைகளின் பதிவு மட்டும் தானாகத் தேர்வுப் பிரிவுக்குப் போய்விடும்; தனியாக உட்காரும் வேளைகள் அதில் சேராது. ஒரு ஆளுக்கு ஒரு மெஷின் இருந்த காலத்தில் அருமையான ஏற்பாடு. இருவர் ஒரு மெஷினில் உட்கார்ந்தபோது, ஒருவர்தான் லாகின் செய்தார். இடம் மாறும்போது அந்த லாகினை மூடி இன்னொருவர் திறக்க வேண்டும் என்றால், அந்தக் கிழட்டு மெஷின்கள் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதனால் யாரும் மாற்றவில்லை. நாற்காலி மட்டும் மாறியது. ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் போய்க் கீபோர்டைத் தொட்டு லாகின் செய்தது யார்? பழக்கப்பட்ட கை. தயங்கி நின்றது யார்? வீட்டில் மெஷின் இல்லாத பிள்ளை. யாருக்காகச் சித்தி இத்தனையும் செய்தாளோ, அவர்களே ஒரு நாளும் வராதவர்கள் ஆகிவிட்டார்கள்.

அந்த வருகைப் பதிவுப் புரோகிராமை எழுதியது யார் தெரியுமா? சித்திதான். பதினைந்து வருடத்துக்கு முன்னால், பெயர் கூப்பிடுவதில் பத்து நிமிடம் வீணாகிறது என்று அவளே உட்கார்ந்து எழுதியது. அது அவ்வளவு நன்றாக ஓடியதால், அப்படி ஒன்று இருக்கிறது என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவளும்தான்.

அன்று சாயங்காலம் சித்தி வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. விஷயத்தைச் சொன்னாள். அம்மா கேட்டாள்:

“உன்னை யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“இல்லைக்கா.”

“அந்தப் புரோகிராமை எழுதினது நீதான்னு யாருக்காவது தெரியுமா?”

“இப்போ இருக்கிறவங்க யாருக்கும் தெரியாது.”

“அப்போ மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டுப் போயேன். எதுக்கு நீயா போய்த் தலையைக் குடுக்கிறே?”

“மெஷின் கோளாறுன்னா, ‘சரி பண்ணிட்டு அடுத்த வருஷம் பார்ப்போம்’னு சொல்லிடுவாங்கக்கா. நூத்து எண்பத்தேழு புள்ளைங்க அந்த அடுத்த வருஷத்துல போய் நிக்கணும். தப்பு என்னுதுன்னு நான் சொன்னாத்தான், அவங்க மேல தப்பில்லைன்னு ஆகும்.”

அம்மா டீ போடப் போனாள். அப்பா அன்று கிண்டல் செய்யவில்லை.

மறுநாள் துறைத்தலைவர் அறையில் நடந்ததைச் சித்தி அப்படியே சொல்லியிருக்கிறாள். ஸ்டாம்ப் சாரும் இருந்தார்.

“தப்பு என்னுது சார். ரெண்டு பேரா உட்கார வெச்சேன். பதிவு ஒருத்தருக்குத்தான் விழும்னு யோசிக்கலை. அந்தப் பதிவை எழுதினதும் நான்தான். புள்ளைங்க வந்தாங்க.”

“நான் நம்பறேன் மேடம்” என்றார் துறைத்தலைவர். “ஆனா இவர் நம்பணுமே.”

“நான் நம்பறது நம்பாதது பிரச்சினையே இல்லை” என்றார் ஸ்டாம்ப். “கையில தாள் வேணும். கையெழுத்து இருக்கா? வருகைப் புத்தகம் இருக்கா? ஒண்ணும் இல்லை. நீங்க பாவம் பார்த்து நூத்து எண்பத்தேழு பேரை வந்தாங்கன்னு சொல்றீங்கன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா நான் என்ன பதில் சொல்ல?”

கேட்டதில் நியாயம் இருந்தது. சித்தியே அதை ஒத்துக்கொள்கிறாள்.  அப்புறம் சித்தி சொன்னாள்:

“அவங்களையே கேளுங்க சார். ஒவ்வொருத்தரையும் தனியா ஒரு மெஷின் முன்னாடி உட்கார வைங்க. செமஸ்டர்ல செஞ்ச பயிற்சியில ஏதாவது ஒண்ணைக் குடுங்க. வீட்டுல மெஷின் இல்லாத பிள்ளைங்க. லேப்புக்கு வராம இருந்தா ஒரு வரிகூட எழுத முடியாது. எழுதிட்டா, வந்தாங்கன்னு அர்த்தம்.”

“எழுதலைன்னா?”

“எழுதலைன்னா வரலைன்னு நீங்க எழுதிக்குங்க.”

ஸ்டாம்ப் மோவாயைத் தடவினார். “இதுக்கு விதி கிடையாது. ஆனா வேண்டாம்னும் விதி கிடையாது” என்றார். அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய சம்மதம் வந்ததாகச் சரித்திரமே இல்லை என்கிறாள் சித்தி.

சோதனை இரண்டு நாள் நடந்தது. எனக்குப் பள்ளி விடுமுறை. அடுத்த வருடச் சேர்க்கைக்கு விவரத் தாள் வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். உண்மையில் பயத்தில்தான் போனேன். லேப் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. இரண்டு நாளும் அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

பத்து மதிப்பெண்களை வாங்கி, சராசரி கண்டுபிடித்து, சராசரிக்கு மேலே இருப்பவற்றை மட்டும் காட்ட வேண்டும். ஐம்பது நிமிடம். அறுபது பேர் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். அந்த அறையை நான் அவ்வளவு அமைதியாகப் பார்த்ததே இல்லை. சிலருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஜோடி இல்லாததால் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு தட்டினார்கள். சித்தி உள்ளே போகக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். வராந்தாவில் சாவிக்கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நடந்தாள்.

முதல் அறுபதில் ஐம்பத்தாறு பேர் எழுதிவிட்டார்கள். இரண்டாவது அறுபதில் ஐம்பத்து நான்கு. இரண்டாம் நாள் மதியம் எல்லாம் முடிந்தபோது நூற்று எண்பத்தேழில் நூற்று எழுபத்தொரு பேர் எழுதியிருந்தார்கள். ஸ்டாம்ப் சார் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குத்து குத்தினார். அந்தச் சத்தம் வராந்தா வரை கேட்டது.

மீதி பதினாறு. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் சித்தி ஒரு பெயரில் நின்றுவிட்டாள்.

அந்தப் பெண் ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை. முன்வரிசையில் நாற்பத்திரண்டாம் எண். குரல் கணீரென்று இருப்பதால் மாணவர்கள் அவளை ‘ரேடியோ’ என்று கூப்பிடுவார்கள். சோதனையில் அவள் ஐந்து வரிதான் தட்டியிருந்தாள். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சித்தி அவளை வராந்தாவில் பிடித்தாள்.

“என்னம்மா ஆச்சு? உனக்கா தெரியாது?”

“தெரியும்க்கா. விரல் வரலை.”

“ஒரு மணி நேரம் நீ தட்டுவே, ஒரு மணி நேரம் உன் ஜோடி தட்டுவான், அப்படித்தானே?”

அவள் தரையைப் பார்த்தாள். “நீங்க பக்கத்துல வர்றப்ப மாறிக்குவோம். அப்புறம், ‘நீ மெதுவாத் தட்டுறே, நேரம் போயிடும், நீ சொல்லு நான் தட்டுறேன்’னு அவன் சொல்லுவான். எனக்கும் சொல்றதுதான் நல்லா வந்துச்சு. தனியா உட்கார்ற வேளைக்கு நின்னா பஸ் போயிடும். விட்டுட்டேன்.”

பதினான்கு வாரம் வரிசைக்கு வரிசை நடந்தும் தன் கண்ணில் அது படவில்லையே என்று சித்தி இன்றும் சொல்லிக்கொள்கிறாள். அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு, ஸ்டாம்ப் சார் உட்கார்ந்திருந்த துறைத்தலைவர் அறைக்கு நேராகப் போனாள். நானும் பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றேன். யாரும் என்னைத் துரத்தவில்லை.

“இந்தப் பொண்ணு தினமும் வந்தா சார்.”

ஸ்டாம்ப் சிரித்துவிட்டார். “மேடம், சோதனை வெக்கச் சொன்னது நீங்க. எழுதலைன்னா வரலைன்னு எழுதிக்கச் சொன்னதும் நீங்க.”

“ஆமா சார். சொன்னேன். இவளுக்கு விரல்ல வராது. வாயில வரும். வாயால கேளுங்க.”

துறைத்தலைவர் ரேடியோவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தன் மேஜையில் இருந்த மெஷினின் திரையை அவளுக்கும் தெரியும்படி திருப்பிவிட்டு, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “சொல்லும்மா. நான் தட்டுறேன்.”

எனக்கு அப்போதுதான் ஒன்று தெரிந்தது. அத்தனை பெரிய பேராசிரியர், ஒரே ஒரு விரலால்தான் தட்டுவார். அந்தப் பெண் முதல் வரியை மெதுவாகச் சொன்னாள். இரண்டாவது வரியில் குரல் திறந்தது. மூன்றாவது வரியில் அவள் அவருடைய விரலைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள்.

“சார், அந்த வரி முடியலை. அரைப்புள்ளி போடுங்க.”

“போட்டேன், போட்டேன்.”

“இப்போ திரும்பத் திரும்பச் செய்யணும். பத்துத் தடவை. ஆரம்பம் பூஜ்யத்துல. உள்ளே தள்ளி எழுதுங்க சார், இல்லைன்னா படிக்க வராது.”

“சரிம்மா.”

“அடைப்பை மூடலை சார்.”

“எங்கே?”

“மேலேயிருந்து நாலாவது வரி.”

பதினைந்து நிமிடம். கடைசியில் அவர் ஓடவிட்டார். திரையில் பிழை என்று வந்தது. ஸ்டாம்ப் சார் பெருமூச்சு விட்டார். சித்தி சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இரண்டு அடி தள்ளி நின்றபடியே குனிந்து பார்த்தாள்.

“சார், ஏழாவது வரியில பூஜ்யத்துக்குப் பதிலா ஆங்கில ‘ஓ’ அடிச்சிருக்கீங்க.”

அவர் மாற்றினார். ஓடியது. சராசரிக்கு மேலே இருந்த நான்கு மதிப்பெண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன.

“மாணவர் தானே தட்டணும்னு...” என்று ஆரம்பித்தார் ஸ்டாம்ப்.

“சோதனை எதுக்கு? வந்தாளா இல்லையான்னு பார்க்கத்தானே?” என்றார் துறைத்தலைவர், விரலை நீவிக்கொண்டே. “வராதவ வாயில இது வருமா? எனக்கே பிழை கண்டுபிடிச்சுக் குடுத்துட்டா. குத்துங்க.”

ஸ்டாம்ப் குத்தினார். அதோடு கதை முடிந்திருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். சித்தி உடனே, “அப்போ மீதி பதினஞ்சு பேரையும் இதே மாதிரி கேக்கணும் சார். இவளுக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு ஒரு நியாயம் ஆகக்கூடாது” என்றாள். கேட்டார்கள். இன்னும் நான்கு பேர் வாயால் சொல்லிவிட்டார்கள். பதினொரு பேரால் முடியவில்லை. அவர்கள் நிஜமாகவே வராதவர்கள். அவர்களுக்காகச் சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் ஒருவன் வராந்தாவில் சத்தமாகத் திட்டிவிட்டுப் போனான். சித்தி கேட்டுக்கொண்டு நின்றாள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. தேர்வில் வாயால் சொல்ல முடியாது, விரலால்தான் தட்ட வேண்டும். அந்த ஐந்து பேரையும் சித்தி மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்பில் உட்கார வைத்தாள். புரோகிராம் எதுவும் எழுதச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது தெரியும். செய்தித்தாளைக் கொடுத்து, பார்த்துத் தட்டச் சொன்னாள். ஒன்பது நாளும் அவள் சாப்பாட்டு டப்பா பாதி காலியாகாமல் வீட்டுக்கு வந்தது. அம்மா திட்டிக்கொண்டே கழுவினாள்.

தேர்வு முடிவு வந்த அன்று சித்தி எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்தே போன் செய்தாள். ஐந்து பேரில் நான்கு பேர் தேறியிருந்தார்கள். ரேடியோ தேறிவிட்டாள். மதிப்பெண் ஒன்றும் பெரிதாக இல்லை, எல்லைக்கோட்டுக்கு மூன்று மேலே. தேறாத அந்த ஒருவன் அடுத்த முறை எழுதுகிறான். மொத்தத்தில் நானூற்று இருபத்தொரு பேர் மெஷின் முன்னால் உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். செய்முறை வகுப்பை எடுத்துவிடும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை. இந்த வருடம் ஐந்நூற்றுப் பத்து பேர் சேர்ந்திருக்கிறார்கள். சித்தி வருகைப் பதிவை மாற்றி எழுதிவிட்டாள். இப்போது ஒரு மெஷினில் இருவர் எண்ணையும் போட்டால்தான் திரை திறக்கும். இடம் மாறியதும் யார் எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்று அதுவே குறித்துக்கொள்கிறது. ஆனாலும் அவள் அதை முழுசாக நம்புவதில்லை. வாரம் ஒருமுறை ஒரு நோட்டில் பெயர் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு லேப்பில், அலுவலகத்தில், பள்ளியில் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். முக்கியமாக, வந்தவர்களை எண்ணும் வேலையை மெஷினிடம் விட்டுவிட்டு மறந்துபோனவர்களிடம். இன்று போய், தங்கள் பட்டியலில் யாருடைய பெயர் விழாமல் இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். நேரில் சொல்ல முடியாவிட்டால் இந்தத் தாளையே கொடுத்துவிடுங்கள். என் பெயர் வேண்டியதில்லை.